காரணம் சொல்லு, கையெழுத்து வாங்கிட்டு வா

கொஞ்சம் வில்லங்கமான சப்ஜெக்ட்தான். ரெண்டு வாரமா டிராஃப்ட்லயே கிடந்தது. "கல்யாணமே ஆகாத பையன், உனக்கு எதுக்குடா கருக்கலைப்பு பத்தி கருத்து?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா இந்தச் சட்டத்தைப் போட்ட நாடாளுமன்றத்துல முக்காவாசிக்கு மேல ஆம்பளைங்கதான். அவங்களுக்கு இல்லாத கூச்சம் எனக்கு மட்டும் எதுக்குன்னு துணிஞ்சு பப்ளிஷ் பண்ணிட்டேன். திட்டுறவங்க முழுசா படிச்சுட்டு திட்டுங்க சாமி.

எழுத வெச்சது ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு. 2022 ஜூன் 24-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1973-லேர்ந்து அங்கே இருந்த கருக்கலைப்பு உரிமையைத் தூக்கிட்டு, இனி அந்தந்த மாநிலம் பார்த்துக்கட்டும்னு சொன்னது இல்லையா, அப்போ கிளம்பிய ஃபார்வர்டு அது. "அமெரிக்கா பின்னாடி போகுது. நாம 1971-லேயே சட்டம் போட்டுட்டோம். பெருமையுடன் பகிருங்கள்." போன மாசம்கூட எங்க காலேஜ் குரூப்ல ஒருத்தன் பெருமையுடன் பகிர்ந்தான். கீழே இருபது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தாங்க. அதே குரூப்ல, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான், எங்களோட படிச்ச பொண்ணு ஒருத்தி ரெண்டாவது குழந்தை வேண்டாம்னு கலைச்சதைப் பத்தி "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு கேரியர்தான் முக்கியம்"னு பஞ்சாயத்து நடந்தது. தூக்கின கட்டைவிரல்ல பாதி அந்தப் பஞ்சாயத்துலயும் இருந்த விரல்தான். அந்தப் பொண்ணு குரூப்ல இல்லைங்கிறது வேற விஷயம்.

எப்படி ரெண்டும் ஒரே ஆளால முடியுதுன்னு யோசிச்சதுல தோணினதுதான் இந்தப் பதிவு. நம்ம ஊர்ல கருக்கலைப்புக்கு எதிர்ப்பு பெருசா இல்லைங்க. யார் முடிவு பண்றாங்கங்கிறதுலதான் எல்லாருக்கும் பிரச்சனை.

மொதல்ல அந்த 1971 பெருமையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். 1964-ல சாந்திலால் ஷா தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க, 1966-ல அறிக்கை வந்தது, 1971-ல சட்டம், 1972 ஏப்ரல்லேர்ந்து அமல். கள்ளத்தனமா கலைக்கப் போய் பொம்பளைங்க செத்துக்கிட்டு இருந்தாங்க, அதை நிறுத்தணும்ங்கிற நல்ல எண்ணம் அதுல இருந்தது, மறுக்கலை. கூடவே அந்தக் காலத்துக்குன்னே உள்ள இன்னொரு எண்ணமும் இருந்தது. சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம், "நாம் இருவர் நமக்கு இருவர்". ரெண்டும் சேர்ந்துதான் இந்தச் சட்டம். அதுல ஒரு விளக்கம் இருக்கு. கல்யாணமான பெண்ணோ அவ கணவனோ, குழந்தைகளோட எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துறதுக்காகப் பயன்படுத்தின கருத்தடை முறை தோத்துப்போய் கர்ப்பம் ஆனா, அதனால வர்ற மன வேதனையை மனநலத்துக்கு வந்த கடுமையான பாதிப்புன்னு எடுத்துக்கலாம். இதான் சாரம். கல்யாணமான பெண். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த. அதாவது அரசாங்கம் கேட்டுக்கிட்டபடி ரெண்டோட நிறுத்தப் பார்த்து, நிரோத் கிழிஞ்சு போச்சுன்னா, அம்மா வா, நாங்க இருக்கோம். "எனக்கு இப்போ வேணாம்"னு ஒரு பொண்ணு சொன்னா, அந்த வாக்கியத்துக்குச் சட்டத்துல எங்கேயும் இடம் இல்லை.

கல்யாணமாகாத பொண்ணோட மன வேதனை ஐம்பது வருஷம் கணக்குலயே வரலை. 2021 திருத்தத்துலதான் "கணவன்" போய் "துணைவர்"னு வந்தது. அப்பவும் 20-லேர்ந்து 24 வாரம் வரைக்குமான பிரிவுகள்ல கல்யாணமாகாதவங்களுக்கு இடமில்லைன்னு டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பொண்ணைத் திருப்பி அனுப்பிச்சு. காதலன் கல்யாணத்துக்கு மறுத்துட்டு ஓடிட்டான்ங்கிறது அவ நிலைமை. அவ உச்ச நீதிமன்றம் போனா. 2022 செப்டம்பர் 29-ல நீதிபதி சந்திரசூட் தலைமையிலான பெஞ்ச், கல்யாணம் ஆனவ ஆகாதவன்னு பிரிச்சுப் பார்க்கிறது அரசியல் சட்டத்துக்கு ஒத்து வராதுன்னு தீர்ப்பு கொடுத்தது. அதே தீர்ப்புல, இந்தச் சட்டத்தைப் பொறுத்த வரைக்கும் கணவன் பண்ற பலாத்காரமும் பலாத்காரம்தான்னு சொன்னாங்க. இந்த வரியை எந்த ஃபார்வர்டுலயும் நான் பார்க்கலை.

இன்னொண்ணு. நிறைய பேருக்கு இது தெரியாது. இந்தியாவுல கருக்கலைப்பு இன்னிக்கும் குற்றம்தான். அந்தக் கால இந்திய தண்டனைச் சட்டம் 312, 2024 ஜூலைலேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா 88. கலைக்கிறவங்களுக்கும் தண்டனை, தானே கலைச்சுக்கிற பொண்ணுக்கும் தண்டனை. 1971 சட்டம் அதுக்கு ஒரு விலக்கு, அவ்வளவுதான். நம்ம பாஷைல சொன்னா ஃபயர்வால் மாதிரி. டீஃபால்ட்டா எல்லாம் பிளாக். மேல நாலு எக்ஸப்ஷன் ரூல். அந்த ரூல் பொருந்துதான்னு நல்லெண்ணத்தோட முடிவு பண்ண வேண்டியவர் டாக்டர். பொண்ணு ரிக்வெஸ்ட் மட்டும்தான் போடலாம். அப்ரூவல் வேற இடத்துல.

இப்ப ஒரு சம்பவம். என் பழைய டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்ககிட்ட கேட்டுட்டு, அடையாளம் தெரியாத அளவுக்கு மாத்தித்தான் எழுதறேன். வயசு 31, டீம் லீட், எங்களை மாதிரி எட்டு பேரைக் கட்டி மேய்க்கிறவங்க. ப்ரொடக்ஷன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தாலும் பதறாம வேலை பார்க்கிற ஆளு. மொத குழந்தைக்குப் பத்து மாசம், சிசேரியன். வீட்டுக்காரர் ஆன்சைட்ல. லீவுக்கு அவர் வந்துட்டுப் போனதும் நாள் தள்ளிப் போச்சு. ஃபோன்ல ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு, ஏழாவது வாரத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க.

கவுண்டர்ல கேட்ட மொதல் கேள்வி, "ஹஸ்பண்ட் வரலையா?" வெளிநாட்டுல இருக்காருன்னதும், "அப்ப சைன் யாரு போடுவா?" இவங்க, "நான்தான்"னு சொல்லியிருக்காங்க. "இல்ல மேடம், எங்க பாலிசி, வீட்டுல ஜென்ட்ஸ் யாராவது போடணும்." இத்தனைக்கும் 18 வயசு முடிஞ்ச, தானா முடிவெடுக்கக்கூடிய பெண்ணோட சம்மதம் மட்டும் போதும்னு சட்டத்துல பளிச்சுன்னு எழுதியிருக்கு. புருஷன் கையெழுத்து, அப்பா கையெழுத்து எதுவும் வேண்டியதில்லை. அதை எடுத்துச் சொல்லிச் சண்டை போடுற தெம்பு, வாந்தி எடுத்துக்கிட்டு நிக்கிற ஒருத்திக்கு இருக்காது. கடைசியில யார் கையெழுத்து போட்டாங்க தெரியுமா? அவங்க தம்பி. இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், 19 வயசு, ஸ்டடி ஹாலிடேஸ்ல வீட்டுக்கு வந்திருந்தான். அந்த வாரம் மேத்ஸ் அரியர் எழுத வேண்டிய பையன். "அவன் பேனா கூட கொண்டு வரலை, என் பேனாவைத்தான் வாங்கிக் கையெழுத்து போட்டான்"னு சொல்லிட்டு அந்தக்கா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

அந்த ஆஸ்பத்திரிக்குக் கருக்கலைப்புல எந்தத் தார்மீகச் சிக்கலும் இல்லைங்கிறதை கவனிங்க. உயிராச்சேன்னு யாரும் கண் கலங்கலை. ஒரு ஆம்பளைப் பேர் ஃபார்ம்ல இருந்தா போதும், மத்ததெல்லாம் ஓகே.

பழைய கதைகளைக் கேட்டாலும் இதேதான். எங்க ஊர்ப் பக்கம் பாட்டிமார் இதைப் பத்திப் பேசுறதைக் கேட்டா நமக்கே தூக்கிவாரிப் போடும். அவ்வளவு சாதாரணமா பேசுவாங்க. "மூத்தவனுக்குப் பால் மறக்கலை, அதுக்குள்ள நின்னுபோச்சு, அத்தைதான் கூட்டிட்டுப் போய் சுத்தம் பண்ணிட்டு வந்தாங்க." "சுத்தம் பண்றது", இதான் வார்த்தை. அதுக்கும் முன்னாடின்னா எள்ளு, கருப்பட்டி, பப்பாளிக்காய், இன்னும் முத்திப்போனா எருக்கம்பால், அதுல செத்தவங்களும் உண்டு. இவங்க யாரும் நாத்திகம் பேசினவங்க இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சுக் கும்பிட்டவங்கதான். முடிவு மாமியார்கிட்டயோ பெரியவங்ககிட்டயோ இருந்தவரைக்கும் அது பாவமா யாருக்கும் படலை. மருமக தானா முடிவெடுத்துட்டு வந்தா மட்டும், "உயிர் இல்லையா அது?"

அட, பெண் கருவை எடுத்துக்கோங்க. ஸ்கேன்ல பொண்ணுன்னு தெரிஞ்சா கலைக்கிறதைத் தடுக்க 1994-ல தனிச் சட்டமே போட வேண்டியதாப் போச்சு. 1991 சென்சஸ்ல ஆறு வயசு வரைக்குமான குழந்தைகள்ல ஆயிரம் பையனுக்கு 945 பொண்ணு, 2001-ல 927. இதைச் செஞ்சது யாரு? "கேரியர்தான் முக்கியம்"னு சொல்ற பொண்ணுங்களா? வீட்டுப் பெரியவங்க சம்மதத்தோட, பல இடத்துல அவங்க கட்டாயத்துலேயே நடந்தது இது. நம்ம மாநிலத்துல ஸ்கேனுக்கு முன்னாடி வேற மாதிரி நடந்தது. உசிலம்பட்டியும் கள்ளிப்பாலும் உங்களுக்கே தெரியும், பாரதிராஜா 1994-ல 'கருத்தம்மா' எடுத்தார், 1992-ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது.

இங்கே ஒரு சிக்கலான கேள்வி வரும், நானே கேட்டுக்கறேன். "காரணம் கேக்காதேங்கிற. அப்ப பொண்ணுங்கிற காரணத்துக்காக ஒருத்தி தானே விரும்பிக் கலைச்சா?" விரும்பிங்கிற வார்த்தை அங்கே எவ்வளவு நிஜம்ங்கிறது ஒரு பக்கம். ரெண்டு பொண்ணு பெத்தவளை வீட்டுல எப்படி நடத்துறாங்கன்னு பார்த்தவங்களுக்கு அது தெரியும். ஆனா நிஜமாவே தானா முடிவெடுக்கிறவளும் இருப்பா, இல்லைன்னு மழுப்ப மாட்டேன். அது தப்பு. ஆனாலும் அந்தத் தப்பைப் பிடிக்க ஒவ்வொரு பொண்ணையும் நிறுத்தி "ஏன்"னு விசாரிக்கிற வழி எனக்கு ஒத்துக்கலை. 1994 சட்டம் போனது சரியான ரூட்டு: கருவோட பாலினத்தைச் சொல்ற டாக்டரையும் ஸ்கேன் மெஷினையும் பிடிக்குது. தீமை எங்கே தொடங்குதோ அங்கே கை வைக்கிறது. வரதட்சணையும் சொத்தும் கொள்ளியும் பையனுக்குன்னு இருக்கிற வரைக்கும் அது முழுசா தீராதுங்கிறதும் உண்மை.

சரி, மெயின் கேள்விக்கு வருவோம். அது உயிரா இல்லையா?

உயிர்தான். இதுல மழுப்புறவங்களை எனக்குப் பிடிக்கிறதில்லை. "வெறும் செல்களோட கூட்டம்"னு சொல்றது வாதத்துல ஜெயிக்கிறதுக்கான சொல்லு. நாமளும் செல்களோட கூட்டம்தான். இந்தப் பக்கத்து வாதங்கள்ல கனமானது டான் மார்க்விஸ்ங்கிற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1989-ல எழுதின கட்டுரை. ஒருத்தரைக் கொல்றது ஏன் தப்பு? அவங்களோட எதிர்காலம் முழுக்கப் பறிபோகுது, அதனாலதான். கருவுக்கும் நம்மளை மாதிரியே ஒரு எதிர்காலம் இருக்கு, அதனால அதைக் கலைக்கிறதும் தப்பு. மதம், கடவுள் எதையும் இழுக்காம சொல்லியிருக்கார். படிச்சுட்டு ரெண்டு நாள் பதில் தேடினேன்.

பதில் அதுக்கு முன்னாடியே, நம்ம சட்டம் வந்த அதே 1971-ல, ஜூடித் ஜார்விஸ் தாம்சன் எழுதிட்டாங்க. அந்தக் கதை இப்படி. நீங்க தூங்கி எந்திரிக்கிறீங்க, பக்கத்துல ஒரு பிரபல வயலின் வித்வான் மயக்கத்துல கிடக்கிறார். அவர் சிறுநீரகம் செயலிழந்து போச்சு, உங்க ரத்தம்தான் அவருக்குப் பொருந்துதுன்னு ரசிகர்கள் உங்களைக் கடத்திட்டு வந்து அவரோட ட்யூப் போட்டு இணைச்சிருக்காங்க. ஒன்பது மாசம் இப்படியே படுத்திருந்தா அவர் பிழைச்சுப்பார். எடுத்துவிட்டா செத்துடுவார். அவர் உயிர்தான், முழு மனுஷன்தான், எதிர்காலமும் இருக்கு. இருந்தாலும் படுத்தே ஆகணும்னு உங்களைக் கட்டாயப்படுத்தலாமா? (எங்க ரூம்மேட்கிட்ட இதைச் சொன்னேன். "இளையராஜான்னா படுத்துக்குவேன்"னான். அவன் இஷ்டப்பட்டுப் படுத்தா சரி, கட்டிப்போட்டா தப்பு. பாயின்ட்டும் அதான்.)

இதுல ஓட்டை இருக்கு, தெரியும். கடத்திட்டு வந்த கதை பலாத்காரத்துக்குப் பொருந்துற அளவுக்கு மத்ததுக்குப் பொருந்தாது. பெத்தவளுக்கும் யாரோ வித்வானுக்கும் உள்ள உறவும் ஒண்ணில்லை. ஆனா ஒரு விஷயம் மட்டும் ஆடாம நிக்குது. பெத்து, வளர்த்து, பத்து வயசு ஆன பிள்ளைக்குக் கிட்னி வேணும்னாக்கூட, கொடுத்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் அப்பன் வயித்தை அறுக்காது. கொடுக்காதவனைக் கல்நெஞ்சன்னு திட்டலாம். போலீஸ் வராது. உடம்பைக் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம்னு நாம ஒத்துக்கிற ஒரே ஆளு கர்ப்பிணிதான்.

வாரக் கணக்கு பத்தியும் ஒரு வார்த்தை. 20 வாரம்ங்கிற கோடு 1971-ல போட்டது, ஸ்கேன் பரவாத காலம். இன்னிக்குக் குறைபாடு பார்க்கிற ஸ்கேனே 18-லேர்ந்து 20 வாரத்துலதான் எடுப்பாங்க. சந்தேகம் வந்து அடுத்த டெஸ்ட் எடுத்து ரிசல்ட் வர்றதுக்குள்ள கோடு தாண்டிப்போகும். 2008-ல மும்பையில நிகிதா மேத்தாவுக்கு அதுதான் ஆச்சு. கருவுக்கு இதயத் துடிப்புல கோளாறுன்னு தெரிஞ்சப்போ 20 வாரம் தாண்டியாச்சு, மும்பை உயர் நீதிமன்றம் மறுத்துச்சு, கொஞ்ச நாள்ல கரு தானே கலைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் 13 வருஷம் கழிச்சுதான் 2021 திருத்தம், குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம். கடுமையான குறைபாடுன்னு மெடிக்கல் போர்டு சொன்னா அதுக்கு மேலேயும்.

இதையெல்லாம் விட என்னைத் தூங்க விடாம பண்ணினது 2023 அக்டோபர் கேஸ். 27 வயசுப் பெண். கிட்டத்தட்ட என் வயசு. ஏற்கெனவே ரெண்டு குழந்தை, சின்னதுக்கு ஒரு வயசு. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் வந்த மன நோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. பால் கொடுக்கிற காலத்துல மாதவிடாய் வரலை, அதனால கர்ப்பம்னே தெரியலை. "பால் குடிக்கிற வரைக்கும் நிக்காது"ன்னு நம்ம வீடுகள்லயும் சொல்லுவாங்களே, அதை நம்பி ஏமாந்தவங்க எத்தனை பேர்! தெரிஞ்சப்போ 24 வாரம் தாண்டிப் போச்சு. வீட்டுல ஒரே சம்பளம். மூணாவதை வளர்க்க உடம்புலயும் மனசுலயும் கையிலயும் தெம்பில்லைன்னு உச்ச நீதிமன்றத்துல போய்ச் சொன்னாங்க.

அக்டோபர் 9-ஆம் தேதி ஹிமா கோலி, நாகரத்னா ரெண்டு நீதிபதிகளும் அனுமதி கொடுத்தாங்க. அடுத்த நாளே எய்ம்ஸ் டாக்டர் ஒருத்தர், குழந்தை பிழைக்க வாய்ப்பிருக்கு, இதயத் துடிப்பை நிறுத்தணுமான்னு கேட்டு மெயில் அனுப்பினார். 11-ஆம் தேதி பெஞ்ச் ரெண்டா பிரிஞ்சது. துடிப்பை நிறுத்தச் சொல்ல மனசாட்சி இடம் தரலைன்னாங்க ஒரு நீதிபதி. அந்தப் பெண் உறுதியா எடுத்த முடிவை மதிக்கணும்னாங்க நாகரத்னா. ரெண்டு பேரும் பெண்கள். ரெண்டு பேர் சொன்னதும் எனக்குப் புரியுது. விஷயம் தலைமை நீதிபதியோட மூணு பேர் பெஞ்சுக்குப் போய், 16-ஆம் தேதி மறுத்துட்டாங்க. 24 வாரம் தாண்டியாச்சு, கருவுக்குக் குறையில்லை, தாய் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை. பிரசவச் செலவு அரசாங்கத்தோடது, வேணாம்னா தத்துக் கொடுத்துடலாம்.

26 வாரத்துக் கருவுக்காக யோசிக்கிறவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. நானே அந்த இடத்துல தயங்குவேன். ஆனா கேஸ் முழுக்க, "எனக்கு முடியலை"ன்னு அந்தப் பெண் சொன்னதை ஒரு ஆதாரமா யாரும் எடுத்துக்கலை பாருங்க. கருவோட இதயத் துடிப்பு ஆதாரம், காலண்டர் ஆதாரம், மெடிக்கல் ரிப்போர்ட் ஆதாரம். ரெண்டு பிள்ளையை வளர்த்துக்கிட்டு மாத்திரை முழுங்கிக்கிட்டு இருக்கிறவ வார்த்தைக்கு மட்டும் மார்க் இல்லை.

பொம்பளைங்க ஏன் கலைக்கிறாங்கன்னு ஒழுங்கா உக்காந்து கேட்டவங்களும் உண்டு. இதை அமெரிக்காவுல செஞ்சாங்க. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் பிரான்சிஸ்கோ வளாகத்துல டயானா கிரீன் ஃபாஸ்டர் நடத்தின 'டர்ன்அவே' ஆய்வு. கருக்கலைப்புக்கு வந்து கிடைச்சவங்க, வாரம் தாண்டிப் போச்சுன்னு திருப்பி அனுப்பப்பட்டவங்கன்னு கிட்டத்தட்ட ஆயிரம் பேரை அஞ்சு வருஷம் தொடர்ந்து கேட்டாங்க. ஒரே ஒரு காரணம் சொன்னவங்க கம்மி. ரெண்டு மூணு சேர்ந்துதான் வருது. 40 சதவீதம் பணக் கஷ்டம்னாங்க, 31 சதவீதம் துணைவன் சரியில்லைன்னாங்க, 29 சதவீதம் ஏற்கெனவே இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கணும்னாங்க. வந்தவங்கள்ல பாதிக்கு மேல ஏற்கெனவே அம்மாக்கள். இது அந்த நாட்டுக் கணக்கு, நம்ம நாட்டுக்கு அப்படியே ஒட்டாது. ஆனா அந்த மூணாவது காரணம் எனக்கு ரொம்பப் பரிச்சயமா இருந்தது. "மூத்தவனுக்குப் பால் மறக்கலை"ன்னு எங்க ஊர்ப் பாட்டி சொன்னதும் அதானே? தாய்மையை வெறுத்து வந்தவங்க இல்லை இவங்க. கையில இருக்கிற பிள்ளைக்குத் தாயா இருக்கணும்னுதான் வந்தாங்க. இதை விட்டுட்டு "சுயநலம்"னு எழுதுறவங்களுக்கு என்னத்த சொல்ல.

கர்ப்பத்தடை பத்தி தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே பெரியார் எழுதியிருக்கார், 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்துல இருக்கு. மத்தவங்க பெண்களோட உடல்நலம், நாட்டோட வறுமை, குடும்பச் சொத்துன்னு காரணம் சொல்லி ஆதரிக்கிறாங்க, நாங்க பெண்ணோட விடுதலைக்காக ஆதரிக்கிறோம்னு பிரிச்சுக் காட்டுவார். அவர் பேசினது கர்ப்பத்தடை, கருக்கலைப்பு இல்லை, குழப்பிக்க வேண்டாம். ஆனா அந்தக் கணக்கு இதுக்கும் கச்சிதமா பொருந்துது. 1971 சட்டம் அந்த 'மத்தவங்க' பக்கம் நின்னு எழுதினது.

இதுக்கு நடுவுல பொம்பளைங்க சும்மா இல்லை. 2018-ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. 2015-ல மட்டும் இந்தியாவுல 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்பு நடந்திருக்குன்னு மதிப்பீடு. அதுல 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரையால. அதாவது நாலுல மூணு பேர் அந்தக் கவுண்டர் பக்கமே போகலை. ஹஸ்பண்ட் வரலையான்னு கேக்காத, காரணம் எழுதச் சொல்லாத இடம் மெடிக்கல் ஷாப்தான். மாத்திரை பெரும்பாலும் வேலை செய்யும், பழைய எருக்கம்பால் கொடுமையோட ஒப்பிட்டா சொர்க்கம். ஆனா எத்தனை வாரம்னு தெரியாம, கரு குழாய்ல தங்கியிருக்கான்னு பார்க்காம, ரத்தப்போக்கு நிக்கலைன்னா யார்கிட்ட போறதுன்னு தெரியாம முழுங்குறாங்களே, அது எதுக்கு? டாக்டர்கிட்ட போனா கிடைக்கப்போற பார்வைக்குப் பயந்துதான் பாதி.

தடுப்பு பக்கமும் ஒரு நம்பர் சொல்லிடறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, கல்யாணமான பெண்கள்ல 37.9 சதவீதம் பேரோட கருத்தடை முறை, அவங்க பண்ணிக்கிட்ட ஆபரேஷன். அவங்க வீட்டு ஆம்பளைங்க பண்ணிக்கிட்ட ஆபரேஷன் 0.3 சதவீதம். ஆம்பளைக்குப் பண்றது சின்ன ஆபரேஷன், வயித்தைத் திறக்க வேண்டியதில்லை, அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். இதை ஒரு நாள் ஆஃபீஸ் லஞ்ச் டேபிள்ல சொன்னேன். ஏழு ஆம்பளைங்க, அஞ்சு பேருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் கருக்கலைப்பு பாவமா இல்லையான்னு தட்டுல கை காயக் காயப் பேசிக்கிட்டு இருந்தவங்க. ஒருத்தர் ஊறுகாய் பாட்டிலைத் தேட ஆரம்பிச்சார். ஒருத்தர் ஃபோனை எடுத்தார். இன்னொருத்தர் வாட்சைப் பார்த்துட்டு, "மச்சி, ரெண்டு மணி கால் இருக்குல்ல?"ன்னு எழுந்து கை கழுவப் போயிட்டார்.